ஆளுக்கு அரை மணி

மெஷினக்கா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஆஸ்பத்திரியின் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது, அதிலும் ஓர் எழுத்து தப்பு. அறுபதைத் தாண்டிய ஆள்கூட அவளை அக்கா என்பார். நாற்பத்தாறு வயதில் ஊருக்கே அக்காவாக இருப்பது என்ன நியாயம் என்று ஆரம்பத்தில் சண்டை பிடித்துப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், துணி துவைக்கும் கூடத்தை ஒட்டி ஒரு நீள அறை. அங்கேதான் அவளுடைய மூன்று டயாலிசிஸ் மெஷின்கள். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை ஒரு குழாய் வழியாக வெளியே எடுத்து, கழிவையும் தேங்கிய நீரையும் பிரித்துவிட்டு, இன்னொரு குழாய் வழியாக உள்ளே அனுப்புகிற மெஷின்கள். திறப்பு விழாவின்போது ஐந்து வந்தன. பெரிய மனிதர்கள் ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், வந்த வேகத்தில் போய்விட்டார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு மெஷின் படுத்துவிட்டன. உதிரி பாகம் கேட்டு எழுதிய கடிதங்கள் எந்த மேஜையில் தூங்குகின்றனவோ தெரியாது. படுத்த இரண்டையும் பிரித்து மேய்ந்து, அந்தப் பாகங்களை வைத்து மற்ற மூன்றையும் ஓட்டிக்கொண்டிருப்பவள் மெஷினக்காதான்.

இத்தனைக்கும் அவள் தரை துடைக்கிற வேலைக்கு வந்தவள். பயிற்சிக்கு அனுப்பப்பட்ட இரண்டு பேரும் பயிற்சி முடிந்த கையோடு நல்ல இடமாகப் பார்த்து மாற்றல் வாங்கிக்கொண்டார்கள். கம்பெனியிலிருந்து சொல்லிக்கொடுக்க வந்த ஆள் நாலு நாள் இருந்தான். அந்த நாலு நாளும் இவள் துடைப்பத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நின்று பார்த்தாள். ஐந்தாவது நாள் மெஷின் கத்த, நர்ஸம்மா என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றார். "அந்தக் குழாய் மடங்கியிருக்கும்மா, நிமுத்தி விடுங்க" என்று இவள் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்ததுதான், பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. நர்ஸம்மா ஊசி குத்திவிட்டு மற்ற வார்டுகளுக்குப் போய்விடுவார். மீதி எல்லாம் இவள் தலையில்.

அவள் புருஷன் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். "மூணு மெஷினக் கட்டிக்கிட்டு நாலாவதா என்னைக் கட்டிக்கிட்டவ" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பான். கேலி பேசினாலும், விடிவதற்குள் எழுந்து தன் வண்டியில் அவளைக் கொண்டுவந்து விடுவதும் அவன்தான்.

ஒருவருக்கு ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் ஓட வேண்டும். காலை ஐந்தரைக்கு முதல் ஆள், பத்து மணிக்கு இரண்டாவது, இரண்டரைக்கு மூன்றாவது. நடுவில் அரை மணி மெஷினைக் கழுவுவதற்கு. மூன்றாவது ஆள் எழுந்திருக்கும்போது ஆறரை ஆகிவிடும். ராத்திரியும் ஓட்டலாமே என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரும் புத்தி சொல்வார்கள். ஏதோ இவளுக்குத் தோன்றாத யோசனை மாதிரி! மெஷினுக்குக் குடம் குடமாகச் சுத்தம் செய்த தண்ணீர் வேண்டும். எட்டு மணிக்கு ஊர்த் தண்ணீர் நின்றுவிடும். அதற்குப் பிறகு ஒன்றும் நடக்காது. ஆக, ஒரு மெஷினில் ஒரு நாளைக்கு மூன்று பேர். ஒருவர் வாரத்துக்கு இரண்டு தடவை வரலாம். மூன்று தடவை வந்தாக வேண்டும் என்று புதன்கிழமை தோறும் வந்துபோகும் பெரிய டாக்டர் சொல்வார். அவரும் சொல்வதோடு சரி. கூட்டிக் கழித்துப் பார்த்தால் இருபத்தேழு பேருக்கு இடம்.

இருபத்தெட்டாவது ஆள் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறது. கட்டிலுக்குரியவர் யாராவது ஒரு வேளை வராமல்போனால் அந்த வேளை பெஞ்சுக்குக் கிடைக்கும். செத்துப்போனால் அந்த இடம் பட்டியலின் முதல் ஆளுக்கு நிரந்தரமாகப் போகும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உள்ளே போகிறவர்கள் பெஞ்சைத் தாண்டும்போது கூரையைப் பார்ப்பார்கள், பெஞ்சில் இருப்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள். வெளியே காசு கொடுத்து ஓட்டிக்கொள்ள வழியுள்ளவர்கள் இந்தப் பெஞ்சுக்கு வருவதே இல்லை.

முகம் பார்க்காத இந்த வழக்கத்தை உடைத்தவர் கண்டக்டர். திங்களும் வியாழனும் காலை முதல் ஆள் அவர். முப்பது வருஷம் பஸ்ஸில் கத்திக் கத்திக் கட்டைக் குரலாகிவிட்ட மனிதர். பெஞ்சுக்கு முன்னால் நின்று கும்பிடு போடுவார். "எல்லாரும் மன்னிச்சுக்குங்கப்பா, இன்னிக்கும் உசுரோட வந்துட்டேன்" என்பார். பெஞ்சில் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள்.

பட்டியலில் நாலாவதாக இருந்தவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஒரு டெய்லர். முப்பத்திரண்டு வயது, ஒரு பெண் குழந்தை, புருஷன் எங்கே என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். அவசரத்துக்கு இரண்டு தடவை ஓட்டுவதற்காகக் கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள். அளவெடுக்கிற நாடாவைத் தோளோடு தொங்கவிட்டு அதை மறைத்துக்கொள்வாள். ஒரு திங்கட்கிழமை காலையில் பெஞ்சில் உட்கார முடியாமல் தரையில் சுருண்டு கிடந்தாள். முகம் வீங்கிக் கண் இரண்டும் கோடாகியிருந்தது. கண்டக்டர் அன்றைக்குக் கும்பிடு போடவில்லை. கட்டிலில் படுத்து, ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்ததும் கேட்டார்.

"ஏங்கக்கா, அந்தப் பொண்ணு எத்தனை கிலோ இருக்கும்?"

"நாப்பதுகூடத் தேறாது. எதுக்குக் கேக்குறீங்க?"

"அந்த ஒடம்புக்கு நாலு மணி நேரம் வேணுமா?"

"ரெண்டரை மணி கெடைச்சாக்கூட தாக்குப்பிடிப்பா. அதுக்கு எடம் எங்க இருக்கு?"

"என்கிட்ட அரை மணி எடுத்துக்குங்க. எனக்கு அடுத்து வர்ற ரேடியோ மெக்கானிக்குகிட்ட அரை மணி, அதுக்கடுத்து டீச்சரம்மாகிட்ட அரை மணி. ஒன்னரை ஆச்சா? சாயங்காலம் தண்ணி நிக்கிறதுக்கு முன்னால ஒரு மணி நேரம் சும்மாத்தானே கெடக்கு. மொத்தம் ரெண்டரை."

மெஷினக்கா கணக்கை இரண்டு தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லாத இடத்தில் பத்துப் பேரை ஏற்றியவர் அல்லவா!

"பெரிய டாக்டர் கேட்டா?"

"கேட்டா வேணாம்பாரு. அதனால நாம கேக்க வேணாம்."

மெக்கானிக் உடனே தலையாட்டினார். டீச்சரம்மா மட்டும் மூன்று நாள் யோசித்தார். அவருக்கும் கல்யாண வயதில் இரண்டு பெண்கள். கடைசியில் ஒருநாள், "சரி, ஆளுக்கு அரை மணிதானே" என்றார். மற்ற கட்டில்காரர்கள் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஓர் இடத்தில்தான் மெஷினக்காவுக்கு நெஞ்சு உறுத்தியது. பட்டியலில் முதல் ஆள் ஒரு கொத்தனார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. இரண்டரை மணி நேரம் அவருக்கு எந்த மூலைக்கு? அடுத்த இரண்டு பேரும் அதே மாதிரி கனத்த உடம்புக்காரர்கள். அதனால்தான் மூன்று பேரையும் விட்டுவிட்டு நாலாவது ஆளைக் கூப்பிட வேண்டியிருந்தது. இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி, கொத்தனாரின் மனைவியைத் தனியே அழைத்துச் சொன்னாள். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டு, "சரிங்க" என்றாள். போய்ப் புருஷனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏற்பாடு நடந்தது. திங்களும் வியாழனும் சாயங்காலம் ஐந்து மணிக்கு டெய்லர் தான் தைக்கிற கடையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருவாள். ஐந்தரைக்கு ஏறி எட்டுக்கு இறங்குவாள். மெஷினக்கா பதிவேட்டில் மற்ற மூன்று பேருக்கும் நாலு மணி நேரம் என்றே எழுதினாள். பொய்தான். ஒரு மாதத்தில் டெய்லரின் முக வீக்கம் வடிந்தது. இரண்டாவது மாதம், "அக்கா, நேத்து ஒரே நாள்ல ஒன்பது சட்டை தச்சேன்" என்று வந்து சொன்னாள். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை மாதிரி அவள் அதைச் சொன்னதைக் கேட்டு, மெஷினக்கா பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பன்னிரண்டு வருஷமாகச் சாவுக்குக் காவல் இருந்தவளுக்கு முதல் தடவையாகத் தான் ஒன்று செய்துவிட்டதாகத் தோன்றியது. அந்தச் சந்தோஷம்தான் அவள் கண்ணை மறைத்தது.

மெக்கானிக்கும் டீச்சரம்மாவும் தண்ணீரை அளந்து குடிக்கிறவர்கள். குறைந்த அரை மணியை அவர்கள் உடம்பு முனகிக்கொண்டே பொறுத்துக்கொண்டது. கண்டக்டருக்குத் தாகம் தாங்காது. "முப்பது வருஷம் தொண்டை காஞ்சு கெடந்தேன், இப்ப போய்க் குடிக்காதேன்னா எப்படி?" என்பார். குடித்ததெல்லாம் சிறுநீராகப் போக வழியில்லை, உடம்பில்தான் தங்கும். நாலு மணி நேரம் முழுசாக ஓடியபோது எப்படியோ எடுத்துவிட முடிந்தது. மூன்றரை மணி நேரத்தில் கொஞ்சம் மிச்சம் நின்றது. அந்த மிச்சத்தோடு அடுத்த மிச்சம் சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் எடை பார்த்து நோட்டில் எழுதியவள் மெஷினக்காதான். அவளுக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவார். இவளும் சிரித்துவிடுவாள்.

நாலாவது மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இருக்க வேண்டியதைவிட மூன்றரைக் கிலோ கூடுதலாக நின்றார். பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினார்.

"இன்னிக்கு நாலு மணி நேரமும் படுக்கணும். பேச்சே கெடையாது" என்றாள்.

"சரிங்கக்கா" என்றார். ஒன்பது மணி அடித்ததும் கையை நீட்டினார். "எடுத்து விடுங்க."

"மூச்சு வாங்குது உங்களுக்கு. அவளுக்கு இன்னிக்கு ரெண்டு மணி போதும். நான் சொல்லிக்கிறேன்."

"அக்கா, இன்னிக்கு ஒருநாள்னு ஆரம்பிச்சா அப்புறம் எனக்கே மனசு வராது. என்னை எனக்குத் தெரியும். எடுங்க."

அவள் மறுத்திருக்கலாம். ஊசியை எடுக்கிற கை அவளுடையதுதான், அவர் தானாகப் பிடுங்கிக்கொண்டு போகிற ஆளும் இல்லை. ஆனால் அடுத்த ஆள் மெக்கானிக் வந்துவிட்டார், துணிகளை மாற்ற வேண்டும், மெஷினைக் கழுவ வேண்டும். எடுத்துவிட்டாள். திங்கட்கிழமை முழுசாக ஓட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமைக்கு அவர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சுத் திணறி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிற வழியில் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் போன் செய்து சொன்னாள். "உங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு அப்பா எப்பவோ சொல்லி வச்சிருந்தாருக்கா" என்றாள். எதற்கு முதலில் சொல்லச் சொன்னார் என்று மெஷினக்காவுக்குப் புரிந்தது. இடம் காலியாகிவிட்டதென்று அவளுக்குத்தானே தெரிய வேண்டும்.

திங்கள் காலை ஐந்தேகாலுக்குக் கொத்தனாரை உள்ளே கூப்பிட்டாள். பட்டியலைத் திருத்தி டெய்லரை முதலில் எழுதினால் கேட்க நாதியில்லை. அந்த எண்ணம் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கொத்தனார் கதவுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். ஏழு மாதமாக அதே இடத்தில் உட்கார்ந்து, பெஞ்சில் அந்த இடத்துக்கு மட்டும் பாலிஷ் போட்ட மாதிரி ஆகியிருந்தது. மனைவி கைத்தாங்கலாகப் பிடித்துவந்து கட்டிலில் ஏற்றினாள். மெஷின் ஓட ஆரம்பித்த ஒரு மணி நேரத்தில் அவர் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டைவிட்டு, பயமில்லாமல் தூங்கினார்.

ஒன்பது மணிக்கு மெஷினக்கா அவர் பக்கத்தில் போய் நின்றாள். கண்டக்டரிடமிருந்து ஊசியை எடுத்த அதே நேரம். அவளால் கையைத் தூக்க முடியவில்லை. ஒன்பதரை வரை விட்டுவிட்டாள். மெக்கானிக்குக்கும் நாலு மணி நேரம் ஓட்டினாள். டீச்சரம்மா மூன்றரை மணி நேரம் முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார், மெஷினக்காவைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கண்டக்டர் செத்தது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே அவரவர் அரை மணியை அவரவர் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்த டெய்லர் ஏழு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஏறிப் படுத்து, குழாய் மாட்டி, ஒரு மணி நேரம் ஓடுவதற்குள் தண்ணீர் நின்று மெஷின் கத்தியது.

"அவ்வளவுதானாக்கா?" என்றாள்.

"இன்னிக்கு அவ்வளவுதாம்மா."

"கண்டக்டர் ஐயா போயிட்டாரே. என்னாலதானே?"

"என்னால" என்றாள் மெஷினக்கா. "நான்தான் எடுத்துவிட்டேன்."

டெய்லர் எழுந்து உட்கார்ந்து, நாடாவை எடுத்துத் தோளில் போட்டுக் கழுத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அந்தக் கொத்தனாரக் கேட்டுப் பாக்குறீங்களாக்கா? நான் கேட்டா நல்லா இருக்காது. அவரு குடுத்தா மத்தவங்களும் குடுப்பாங்க. என் பொண்ணுக்கு ஏழு வயசுதாங்க்கா."

இப்படி ஒரு சாவு நடந்த மறுநாளே இதைக் கேட்க அவளுக்கு எப்படி வாய் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வேறு எதைக் கேட்பாள்? மெஷினக்கா, "வியாழக்கிழமை கேக்குறேன்" என்றாள்.

நடுவில் புதன்கிழமை பெரிய டாக்டர் வந்தார். கண்டக்டரின் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "நாலு மணி நேரம் ஒழுங்கா ஓடியிருக்கு. இருந்தும் இப்படின்னா, மனுஷன் தண்ணியக் கண்டபடி குடிச்சிருக்காரு. சொன்னா யாரு கேக்குறா?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மெஷினக்கா பக்கத்தில் நின்றாள். உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். சொன்னால் தன்னை மறுபடி துடைப்பத்துக்கு அனுப்புவார்கள், அனுப்பட்டும். ஆனால் மூன்று மெஷினையும் யார் ஓட்டுவது? இருபத்தேழு பேர். வாயை மூடிக்கொண்டாள். செத்த மனிதர் மேல் பழி போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். புருஷன் கேலி பேச வாயெடுத்தவன், முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

வியாழக்கிழமை காலை. கொத்தனார் இரண்டாவது தடவையாகப் படுத்திருந்தார். ஒன்பதாக ஐந்து நிமிஷம் இருந்தது. மூன்றரைக் கிலோ ஏறிப்போய் நின்ற உடம்பு இல்லை இவருடையது. எடையைச் சரிபார்த்திருந்தாள். ஓர் அரை மணி குறைந்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. இன்றைக்கு ஆகாது என்பதுதான் அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்து நிற்பாள்.

கட்டிலை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பாள். வெளியே பெஞ்சிலிருந்து கொத்தனாரின் மனைவி எழுந்து உள்ளே வந்தாள். உள்ளே வரக்கூடாது என்பது சட்டம். வந்தாள். கட்டிலுக்கும் மெஷினக்காவுக்கும் நடுவில் நின்றாள். நாலு மாதமாகத் திங்களும் வியாழனும் ஒன்பது மணிக்கு இந்த அறையில் என்ன நடந்தது என்று பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு விளக்கிச் சொல்ல ஒன்றும் இல்லை.

"உங்களுக்குத் தெரியாததில்ல" என்றாள், புருஷன் காதில் விழாதபடி. "அன்னிக்கு எங்களத் தாண்டி அந்தப் பொண்ணக் கூப்பிட்டீங்க. நான் ஒண்ணும் சொல்லல. சொன்னேனா?"

"இல்லம்மா."

"எங்க ஆளு நல்லவருங்க. நீங்க கேட்டீங்கன்னா குடுத்துருவாரு." கையிரண்டையும் கூப்பினாள். "அதனால கேக்காதீங்க."

கொத்தனார் கண் விழித்தார். இரண்டு பெண்களும் எதிரெதிரே நிற்பதைப் பார்த்து, "என்னங்கக்கா, நேரம் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. இன்னும் அரை மணி இருக்கு. நல்லாத் தூங்குங்க" என்றாள் மெஷினக்கா.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டெய்லர் வந்தாள். கதவுக்கு வெளியே நின்றபடி உள்ளே பார்த்தாள். டீச்சரம்மாவின் ரத்தம் குழாயில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. டீச்சரம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மெஷினக்கா கையைத் துடைத்துக்கொண்டு கதவுவரை வந்தாள்.

"உக்காரும்மா" என்றாள். "ஏழு மணிக்குக் கூப்பிடுறேன்."

டெய்லர் சரி என்று தலையாட்டிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.